போக்குவரத்தில் நியாயம் கேட்க ஒரு குழு: அரசாணையா, சட்டமா, குலுக்கலா?

குழு அமைப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு 1966 ஹாங்காங்தான் முதலில் ஞாபகம் வருகிறது. துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் ஃபெர்ரி படகு நிறுவனம் முதல் வகுப்புக் கட்டணத்தை 20 சென்ட்டிலிருந்து 25 சென்ட்டாக உயர்த்த அனுமதி கேட்டிருந்தது. அரசுக்கு யோசனை சொல்ல ஒரு போக்குவரத்து ஆலோசனைக் குழு இருந்தது, 1965-ல் அமைத்தது, புத்தம் புதிது. குழு கூடிப் பேசி, உயர்வு சரிதான் என்றது. வேண்டாம் என்று சொன்ன உறுப்பினர் ஒரே ஒருவர், எல்சி எலியட். ஏப்ரலில் ஓர் இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், அவரைக் கைது செய்தார்கள், அதற்கப்புறம் சில இரவுகள் ஊரே கலவரமானது. ஐந்து சென்ட்டில் ஆரம்பித்தது.

குழு இல்லாமல் போனதால் வந்த வினை என்று இதைச் சொல்ல முடியாது. குழு இருந்தது, எச்சரித்த குரலும் அதே அறைக்குள் இருந்தது. அதனால் "போக்குவரத்துக் கொள்கையில் நியாயம் பார்க்க அரசு ஓர் ஆலோசனைக் குழு போடலாமா" என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று தலையாட்டுவதில்லை. எந்த மாதிரிக் குழு, முடிவு எடுக்கும் முன்பா பின்பா கேட்பார்கள், அது சொன்னதைத் தள்ளினால் அரசு யாருக்காவது பதில் சொல்ல வேண்டுமா, இதையெல்லாம் முதலில் சொல்லுங்கள் என்பேன். கையில் இருக்கும் வழிகள் நாலைந்துதான். ஒவ்வொன்றையும் உலகில் எங்காவது செய்து பார்த்திருக்கிறார்கள், ஆகவே கற்பனையில் ஒப்பிட வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் நியாயம் என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம், நிறையக் குழுக்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எல்லாப் பகுதிக்கும் ஒரே அளவு பேருந்து விடுவது நியாயமா, சொந்த வண்டி இல்லாதவர்கள் நிறைந்த பகுதிக்குக் கூடுதலாக விடுவது நியாயமா? இரண்டுக்கும் வாதம் உண்டு, ஆனால் ஒரே பணத்தில் இரண்டையும் செய்ய முடியாது. கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும் ஒவ்வொரு முறைக்கும் ஒரே கட்டணம் என்றால் கேட்கச் சமமாகத்தான் இருக்கும். வீட்டருகே ஏறி அலுவலக வாசலில் இறங்குபவர் ஒரு முறை கட்டுகிறார். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கிக்கொண்டு, வயதான அம்மாவை ஒரு நடை பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர் நான்கு முறை கட்டுகிறார், இத்தனைக்கும் அவர் போன மொத்தத் தூரம் முதல் ஆள் போனதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருப்பார். பெண்ணுக்குக் கூடுதல் கட்டணம் என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, ஆனால் வசூல் அப்படித்தான் நடக்கும். அட்டவணையும் இதே கதைதான். காலை எட்டிலிருந்து பத்து வரை ஊரின் நடுவை நோக்கிப் போகிறவர்களுக்காகவே எல்லாவற்றையும் திட்டமிட்டுவிட்டு, இரவு இரண்டு மணிக்குப் பணி முடிந்து வெளியே வரும் துப்புரவுப் பணியாளர் எப்படி வீடு போவார் என்பதை யாரும் கேட்பதில்லை. வண்டியில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கும், நிறுத்தத்தில் அதை இறக்கி வைக்க இடம் இருக்காது.

இதைப் பிடிக்கக் கணக்கும் வேண்டும், நிறுத்தத்தில் காத்துக் கிடந்த அனுபவமும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது. கீழே வரும் ஒவ்வொரு வழியும் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில் நொண்டுகிறது.

எல்லாவற்றிலும் சுலபமானது, அமைச்சரோ துறைத் தலைவரோ ஓர் உத்தரவு போட்டுக் குழு அமைப்பது. சில வாரங்களில் முடிந்துவிடும், சட்டமன்றத்துக்குப் போக வேண்டாம், ஆட்களை உடனே கூப்பிட்டுவிடலாம். அமெரிக்க மத்தியப் போக்குவரத்துத் துறை 2022-ல் போக்குவரத்துச் சமத்துவ ஆலோசனைக் குழுவை மறுபடி அமைத்தது இந்த வகைதான், துறைச் செயலரின் விருப்பத்தில் உருவானது. அங்கே இப்படிப்பட்ட குழுக்களை 1972-ல் வந்த கூட்டாட்சி ஆலோசனைக் குழுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உறுப்பினர்களில் பல தரப்பும் சமநிலையாக இருக்க வேண்டும், கூட்டத் தேதியை முன்கூட்டியே அரசிதழில் அறிவிக்க வேண்டும், பொதுமக்கள் வந்து உட்காரலாம், குறிப்புகளைப் பார்க்கலாம். கேட்க நன்றாகவே இருக்கிறது, நிஜமாகவே நல்ல விதிகள்தான். ஆனால் அதே சட்டத்தில் இன்னும் இரண்டு உண்டு. குழுவின் ஆயுள் பொதுவாக இரண்டு ஆண்டு, புதுப்பிக்காவிட்டால் தானாகவே காலாவதி. அப்புறம், ஓர் அரசு அதிகாரி ஒப்புதல் தந்தால்தான் கூட்டமே கூட முடியும், நிகழ்ச்சி நிரலும் அவர் கை வழியாகத்தான் போகும், பொதுநலன் கருதி என்று சொல்லி நடந்துகொண்டிருக்கும் கூட்டத்தைக்கூட அவர் முடித்து வைக்கலாம். இரண்டு ஆண்டு என்பது ஒரு பேருந்துத் தடச் சீரமைப்பு காகிதத்தை விட்டுத் தெருவுக்கு வருவதற்கே போதாது. குழு பழகிக்கொண்டு, எந்தத் தரவை எங்கே கேட்பது என்று தெரிந்துகொள்ளும்போது காலம் முடிந்திருக்கும். ஆட்சி மாறினால் கலைக்கக்கூட வேண்டாம், புதுப்பிக்காமல் விட்டாலே போதும். சத்தமே வராது.

இந்த வழியை மொத்தமாகத் தள்ளிவிடச் சொல்லவில்லை. சட்டம் கொண்டுவரப் பெரும்பான்மை இல்லாத அரசு, அல்லது ஒரே ஒரு பெரிய திட்டத்துக்கு மட்டும் யோசனை தேவைப்படும் துறை, இதைத் தேர்ந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். நிரந்தரத் தீர்வு என்று விற்காமல் இருந்தால் சரி.

அடுத்தது சட்டத்தின் மூலம் அமைப்பது. பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் போக்குவரத்து ஆலோசனைக் குழு 1985 போக்குவரத்துச் சட்டத்தில் பிறந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருப்பது. "அவர்கள் சார்பில் பேசுபவர்" என்று ஒருவரைக் கொண்டுவந்து கணக்குக் காட்ட முடியாது. இது வெறும் அலங்காரம் இல்லை என்பது 2010-ல் தெரிந்தது. அந்த ஆண்டு வந்த அரசு, செலவைக் குறைக்கிறோம் என்று நூற்றுக்கணக்கான அரசு அமைப்புகளுக்குக் கத்தரி வைத்தது, கலைக்கும் பட்டியலில் இந்தக் குழுவும் இருந்தது. ஆனால் சட்டத்தில் இருப்பதை ஒரு கையெழுத்தில் எடுத்துவிட முடியாது, பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். கருத்துக் கேட்டார்கள். 2013-ல் குழுவை வைத்துக்கொள்வது என்று முடிவானது. அரசாணையில் பிறந்த குழுவாக இருந்திருந்தால் அந்த மூன்று ஆண்டு அதற்குக் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டக் குழுவின் நோய் வேறு மாதிரி. மெதுவாகத்தான் பிறக்கும், பேரம் பேசிப் பேசி வரும் மசோதாவில் பல் எல்லாம் பிடுங்கப்பட்டிருக்கும். "கலந்தாலோசிக்கலாம்" என்று ஒரு சொல், "கலந்தாலோசிக்க வேண்டும்" என்பதற்குப் பதிலாக நுழைந்துவிட்டால் முடிந்தது, அடுத்த முப்பது ஆண்டும் அந்த ஒரு சொல் வேறுபாட்டோடுதான் வாழ வேண்டும். கூடவே, அந்தக் காலத்தின் நியாய உணர்வு சட்டத்துக்குள் உறைந்துவிடும். யாரையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டால், பட்டியலில் வராதவர்கள் வெளியேதான்.

மூன்றாவது வழி, பேருந்தையும் ரயிலையும் இயக்கும் நிறுவனமே தனக்குள் ஒரு பயணிகள் குழு வைத்துக்கொள்வது. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நல்ல பக்கம், எந்த நிறுத்தத்தில் விளக்கு எரியவில்லை, எந்தத் தடத்தில் கடைசி வண்டி அடிக்கடி வராமல் போகிறது என்கிற அளவுக்கு நுணுக்கமாகப் பேசலாம், ஒரு வாரத்தில் சரியாகிவிடவும் கூடும். கெட்ட பக்கம், ஆளைத் தேர்ந்தெடுப்பதும் கூட்டம் கூட்டுவதும் தேநீர் வாங்கித் தருவதும் ஒரே கை. பார்வையாளனாக அப்படி ஒரு கூட்டத்தில் நான் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன், எந்த ஊர் என்பது வேண்டாம். முக்கால் மணி நேரம் இருக்கைத் துணியின் நிறம் பேசினார்கள். தடங்களைக் குறைக்கும் திட்டம் ஏற்கெனவே அச்சாகி மேசை மேல் இருந்தது, "தகவலுக்காக" என்ற தலைப்பின் கீழ்.

குலுக்கல் முறை இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. மக்கள் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்து, வயது, பாலினம், படிப்பு, இருப்பிடம் எல்லாம் நாட்டின் கலவை போலவே வரும்படி சரிசெய்து, நிபுணர்களை வரவழைத்து, மாதக்கணக்கில் உட்கார வைத்துப் பேசச் சொல்வது. பிரான்ஸில் 2019-20-ல் பருவநிலைக்காக 150 பேரை இப்படிக் கூட்டினார்கள், போக்குவரத்து அவர்களுடைய ஐந்து பிரிவுகளில் ஒன்று, 149 பரிந்துரைகள் தந்தார்கள், வந்து உட்கார்ந்த நாள்களுக்கு நீதிமன்ற ஜூரிகளுக்குத் தருவது போலப் படியும் கிடைத்தது. இந்தப் படி விஷயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து கூட்டத்துக்கு வரச் சொன்னால் யார் வருவார்கள்? ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள், சங்கங்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் வருவார்கள். மற்றவர்கள் வர மாட்டார்கள், அப்புறம் "அவர்களுக்கு ஆர்வமில்லை" என்று குறிப்பு எழுதுவார்கள்.

பரிந்துரைகள் என்ன ஆயின? வடிகட்டாமல் அப்படியே எடுத்துச் செல்வேன் என்று அதிபர் மக்ரோன் முதலிலேயே சொல்லியிருந்தார். நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற தூரங்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்று அந்த 150 பேர் சொன்னார்கள். 2021-ல் சட்டமாக வந்தபோது அது இரண்டரை மணி நேரமாகியிருந்தது. அரசு மாற்றியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை, தேர்தலில் வென்றவர்கள் மாற்றலாம்தான். ஆனால் குலுக்கலில் வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அடுத்த ஆண்டு வந்து "ஏன் மாற்றினீர்கள்" என்று கேட்க அங்கே நாற்காலி இல்லை. தொடர்ந்து கண்காணிக்கும் வேலைக்கு இது ஒத்துவராது. முன்பு சொன்ன மாதிரிக் கேள்விக்கு, அதாவது எல்லாருக்கும் சமமாகவா, தேவைப்பட்டவருக்கு அதிகமாகவா என்கிற அடிப்படைக் கேள்விக்கு, இதைவிட நல்ல இடம் கிடையாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அது நிபுணர் பதில் சொல்லும் கேள்வியே இல்லை.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். குழுவே இல்லாமல் ஒரு விதி. கட்டணத்தை மாற்றினாலோ பெரிய அளவில் சேவையை மாற்றினாலோ, அது யார் மேல் எவ்வளவு விழும் என்று முதலில் கணக்குப் பார்த்து வெளியிட வேண்டும், இல்லாவிட்டால் அரசின் பணம் கிடையாது. அமெரிக்காவில் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவிலிருந்து இது வளர்ந்தது. அரசுப் பணம் வாங்குபவர் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். 2012-ல் மத்திய பொதுப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, 2 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரப் பகுதியில் நெரிசல் நேரத்தில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளை நிலையான தடங்களில் ஓட்டும் நிறுவனம் இந்த ஆய்வைச் செய்தே தீர வேண்டும் என்றானது. கட்டணம் ஏறினால் சிறுபான்மையினர் எத்தனை பேர், வருமானம் குறைந்தவர்கள் எத்தனை பேர் அந்தச் சீட்டை வாங்குகிறார்கள் என்று எண்ணிக் காட்ட வேண்டும். சுவாரசியமான ஒரு வரியும் அதில் உண்டு: நிறுவனம் தானே தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு ஏதாவது இருந்தால், உறுப்பினர்களின் இனவாரிக் கலவையை அட்டவணை போட்டுத் தர வேண்டும். குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே கணக்குக்குள் வந்துவிடுகிறது.

இந்த விதி கடித்தும் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் பார்ட் ரயில் நிறுவனம் ஓக்லாண்ட் விமான நிலையத்துக்கு ஓர் இணைப்பு ரயில் போடத் திட்டமிட்டது. சமத்துவ ஆய்வைச் சரியாகச் செய்யவில்லை என்று மக்கள் அமைப்புகள் புகார் கொடுக்க, 2010-ல் மத்திய நிர்வாகம் 7 கோடி டாலரைத் தர மறுத்தது. 7 கோடி! எந்தக் குழுவின் எந்தத் தீர்மானத்துக்கும் அந்த எடை கிடையாது. பார்ட் அதற்குப் பின்னர் வழிக்கு வந்தது, தனக்கென்று ஒரு சமத்துவ ஆலோசனைக் குழுவும் வைத்துக்கொண்டது. அந்த இணைப்பு ரயில் மட்டும் வேறு பணத்தில் எப்படியோ கட்டி முடிக்கப்பட்டு 2014-ல் ஓடத் தொடங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வு செய் என்றுதான் விதி சொல்கிறது, அதைக் கட்டாதே, இதைக் கட்டு என்று சொல்வதில்லை.

விதிக்கு இன்னொரு பலவீனம், அதை யார் அமல்படுத்துவது என்பது. 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாண்டோவால் வழக்கில், பாகுபாடு காட்டும் நோக்கம் இல்லாமலே பாதிப்பு மட்டும் ஏற்படுத்தும் கொள்கைகளை எதிர்த்துத் தனிநபர்கள் இந்தப் பிரிவின் விதிமுறைகளின் கீழ் வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, புகார் கொடுக்கலாம், நடவடிக்கை எடுப்பதும் எடுக்காததும் அரசின் மனசு. அந்தக் கதவு மூடுவதற்கு முன்பே உள்ளே போனவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பேருந்துப் பயணிகள். ரயிலுக்குப் பணம் கொட்டிக்கொண்டு பேருந்துக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள் என்று 1994-ல் வழக்குப் போட்டு, 1996-ல் பத்தாண்டு சமரச உடன்பாடு வாங்கினார்கள். அதில் பயணிகள் சங்கமும் போக்குவரத்து நிறுவனமும் உட்காரும் கூட்டுப் பணிக் குழு ஒன்றும் இருந்தது. ஆனால் அந்தக் குழுவுக்கு உயிர் கொடுத்தது உடன்பாட்டிலிருந்த எண்கள்தான்: நூறு இருக்கை உள்ள இடத்தில் முதலில் 135 பேருக்கு மேல் போகக்கூடாது, படிப்படியாக 2002-க்குள் அது 120 ஆக இறங்க வேண்டும். நெரிசல் என்றால் என்ன என்று யாரும் தத்துவம் பேசத் தேவையில்லை, நிற்பவர்களை எண்ணினால் போதும். நிறுவனம் ஒவ்வொரு கட்டத்திலும் நீதிமன்றத்துக்கு ஓடியது, இருந்தும் பேருந்துகள் வாங்க வேண்டியதாயிற்று.

குழுவுக்கு ஆலோசனை மட்டும் ஏன், அதிகாரத்தையே கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சிங்கப்பூரின் பொதுப் போக்குவரத்து மன்றம் 1987 முதல் அப்படித்தான், கட்டணத்தை அதுவே முடிவு செய்கிறது, 2016-லிருந்து அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பும் சேர்ந்தது. அமைச்சர்களுக்கு இது ரொம்ப வசதி, உயர்வு வந்தால் மன்றம் முடிவு செய்தது என்று கையைக் காட்டிவிடலாம். எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. விலையை வைப்பவரே நியாயத்துக்கும் வாதாட வேண்டும் என்றால் பட்ஜெட் பக்கம் சாய்வதைத் தவிர வேறு வழி அவருக்கு இருக்காது. வாதாடுபவரை வெளியே வைப்பதுதான் நல்லது.

சரி, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? ஒன்றுதான் கிடைக்கும் என்றால் விதியை எடுத்துக்கொள்வேன், குழுவை விட்டுவிடுவேன். விதி இருந்தால் தரவு வெளியே வரும், தரவு வந்தால் கேட்பதற்கு ஆள் தானாக வருவார்கள். விதி இல்லாமல் குழு மட்டும் இருந்தால் அதிகாரி கொடுத்த காகிதத்தைப் படித்துவிட்டு இருக்கைத் துணியைப் பற்றித்தான் பேச முடியும். இரண்டும் கிடைக்கும் என்றால் விதியோடு சட்டபூர்வமான ஒரு சிறிய குழு. பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பாதிக்கு மேல் அன்றாடம் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்கள், ஓட்டுநர் நடத்துநர் தரப்பிலிருந்து இரண்டு பேர் வாக்கோடு, துறை அதிகாரிகள் வாக்கில்லாமல். ஓட்டுநர்களுக்கு எதற்கு வாக்கு என்று கேட்பவர்கள், எந்த நிறுத்தத்தில் யார் ஏற முடியாமல் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை ஓர் ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள், ஆய்வறிக்கையைவிட வேகமாகப் பதில் வரும்.

உறுப்பினர் எல்லாரையும் ஒரே நாளில் மாற்ற முடியாதபடி பதவிக்காலம் படிப்படியாக முடிய வேண்டும். படி கொடுக்க வேண்டும். கூட்டம் நடக்கும் இடத்துக்குப் பேருந்தில் வர முடிய வேண்டும், முடிந்து திரும்பும்போதும் வண்டி இருக்க வேண்டும் (சிரிக்காதீர்கள், இது நடப்பதில்லை). சொந்தமாக ஒரு செயலரும் தரவைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும், பெரிய அலுவலகம் எல்லாம் தேவையில்லை. கட்டணமோ தடமோ மாறும் எந்த முன்மொழிவும் முடிவுக்கு 60 நாள் முன்னால் குழுவின் மேசைக்கு வர வேண்டும், ஆய்வுக் கணக்கோடு. குழு சொன்னதை ஏற்கவில்லை என்றால் அமைச்சர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 60 நாள் என்பது என் கணக்கு. முப்பது நாளாக இருந்தால் ஒரு கூட்டம்தான் நடக்கும், தொண்ணூறு என்றால் நிறுவனங்கள் அவசரம் என்று சொல்லித் தப்பிக்க வழி தேடும்.

அடிப்படைக் கேள்விகளுக்கு மட்டும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை குலுக்கல் பேரவை. அது சொல்வதைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று ஆண்டுதோறும் கேட்கும் வேலை நிரந்தரக் குழுவுக்கு. பிரான்ஸில் விடுபட்ட நாற்காலி இப்படிக் கிடைத்துவிடும்.

இதில் எதையும் பேரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் எண்ணிக்கையை விட்டுக்கொடுங்கள், செயலரைக்கூட விட்டுக்கொடுங்கள், எழுத்தில் பதிலையும் மாற்றுக் கருத்தையும் விடாதீர்கள். மாற்றுக் கருத்து என்று நான் சொல்வது, பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத உறுப்பினர் தன் காரணத்தைத் தனியாக எழுதலாம், அதைப் பரிந்துரையோடு அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் அச்சிட்டு, முடிவுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது. பதினொன்றுக்கு ஒன்று என்று தோற்றாலும் சரி. 1966-ல் அந்த ஒற்றை எதிர்ப்பு பயணிகளுக்காகத்தான் பேசியது, ஆனால் ஜெயித்தது குழுவின் பரிந்துரைதான்.